நிர்வாகிக்கே தெரியாத பாஸ்வேர்டு

"சார், பாஸ்வேர்டு மறந்துபோச்சு. என்னன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கணினி மையத்தில் கேட்டுப் பாருங்கள். "பார்க்க முடியாதுப்பா, வேணும்னா மாத்தித் தரேன்" என்றுதான் பதில் வரும். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அவருக்கும் அது தெரியாது. தெரியவே கூடாது என்று வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. இந்தப் புத்தி வருவதற்குள் கணினி உலகம் நன்றாகவே அடிபட்டிருக்கிறது.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. கணினி ஒன்று, அதோடு இணைந்த தட்டச்சு முனையங்கள் பல. ஆளுக்குக் கொஞ்சம் நேரம் என்று அது மாறி மாறி வேலை பார்க்கும். எல்லோருடைய கோப்புகளும் ஒரே எந்திரத்தில் கிடப்பதால், ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். ஆனால் அவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் உள்ளது உள்ளபடி எழுதி வைத்திருந்தார்கள்.

ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கிய கணினி நேரம் 4 மணி. அது அவருக்குப் போதவில்லை. எந்தக் கோப்பின் பெயரையாவது துளை அட்டையில் குறித்துப் போட்டால் அச்சிட்டுத் தரும் வசதி அங்கே இருந்தது. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் கடவுச்சொல் கோப்பின் பெயரையே குறித்துப் போட்டார். மறுநாள் காலை எல்லோருடைய கடவுச்சொல்லும் தாளில் அச்சாகிக் காத்திருந்தது. இதை அவர் ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆனது.

அதே அமைப்பில் இதைவிடப் பெரிய கூத்தும் நடந்தது. கோப்பைத் திருத்தும் நிரல், வேலை நடக்கும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை எப்போதும் ஒரே பெயரில் வைத்துக்கொள்ளும். ஒரு நாள் நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் திருத்த உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் அன்றைய அறிவிப்பு, இன்னொருவர் கையில் கடவுச்சொல் பட்டியல். இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவரையும் முழுப் பட்டியலும் வரவேற்றது!

எழுதி வைத்தால் ஒருநாள் வெளியே வரத்தான் செய்யும். அப்படியானால் எழுதாமலே இருந்துவிட்டால்? கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் 1960களில் இந்த வழியில் போனார். கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாதபடி கணக்கால் அரைத்து, அரைத்ததை மட்டும் வைப்பது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே அளவில் போட்டால் அதே மாவு வரும். (இட்லி மாவில் இது நடந்ததே இல்லை என்பது வேறு விஷயம். கணக்கில் நடக்கும்.) நீங்கள் தட்டியதை மறுபடி அரைத்து, இருப்பதோடு கணினி ஒப்பிடும். ஒத்துப்போனால் கதவு திறக்கும். இந்த மாவுக்குத்தான் ஹேஷ் என்று பெயர்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான யூனிக்ஸை உருவாக்கியவர்களும் இதையே செய்தார்கள். அங்கே வந்த வினை வேறு. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில், ஒரு முறை அரைக்கப் பிடிபி-11/70 கணினிக்கு 1.25 மில்லிவினாடிதான் ஆனது என்கிறார்கள். அதாவது நொடிக்கு 800 ஊகங்களைச் சோதிக்கலாம். அவர்கள் திரட்டிய 3289 கடவுச்சொற்களில் 2831 எளிதில் ஊகிக்கக்கூடியவை. வெறும் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்ட மகான்களும் அதில் உண்டு.

மருந்து இரண்டு. ஒன்று, வேண்டுமென்றே மெதுவாக அரைப்பது. இன்னொன்று உப்பு. ஆங்கிலத்திலும் அதை உப்பு என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு பயனருக்கும் 4096 உப்புகளில் ஏதோ ஒன்றைக் கடவுச்சொல்லோடு சேர்த்து அரைப்பார்கள். இரண்டு பேர் 'முருகன்' என்றே வைத்திருந்தாலும், உப்பு வேறானால் மாவு வேறு. அகராதி முழுவதையும் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட நினைக்கும் திருடனுக்கு வேலை 4096 மடங்கு.

இவ்வளவு செய்தும் அந்த ஹேஷ் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றே விட்டிருந்தார்கள். பயனர் பெயர்களும் அதில்தான் இருந்தன, எல்லா நிரல்களுக்கும் அவை தேவைப்பட்டன. 1988 நவம்பர் 2இல் இணையத்தில் பரவிய புழு (தன்னைத்தானே நகலெடுத்துக் கணினிக்குக் கணினி தாவும் நிரல்), அதைப் படித்துத் தன்னிடமிருந்த சொற்பட்டியலால் ஊகித்துப் பார்த்தது. அதை எழுதியவர், மேலே சொன்ன மோரிஸின் மகன்.

யூனிக்ஸ் பாணியில் அமைந்த இன்றைய லினக்ஸில் ஹேஷ் மட்டும் 'ஷேடோ' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. சாதாரணப் பயனரால் அதைத் திறக்க முடியாது. பிறகு உங்கள் கடவுச்சொல்லை நீங்களே எப்படி மாற்றுகிறீர்கள்? அதற்கென்று இருக்கும் 'பாஸ்டபிள்யூடி' நிரலின் அனுமதி வரிசையை, அதாவது அதை யார் என்ன செய்யலாம் என்று காட்டும் எழுத்துகளைப் பாருங்கள். ஓட்டலாம் என்பதைக் குறிக்கும் 'எக்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்' நிற்கும். யார் ஓட்டினாலும் அது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும் என்று பொருள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்த இந்த ஓர் எழுத்துக்குக் காப்புரிமையே உண்டு. கருவறைக்குள் நாம் போக முடியாது. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் வருவார் இல்லையா, அதே ஏற்பாடு.

கென் தாம்சனுடைய கடவுச்சொல்லின் பழைய ஹேஷ் ஒன்று பல ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடாமல் கிடந்தது. 2019இல் ஒருவர், வேகமாகக் கணக்குப் போடும் வரைகலை அட்டையைப் பூட்டி, நொடிக்குச் சுமார் 93 கோடி ஊகங்கள் என்று ஓடவிட்டார். நான்கு நாளுக்கு மேல் ஆனது. கிடைத்தது, சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் குறிப்பு. தாம்சனின் பதில் ஒற்றைச் சொல்: "வாழ்த்துகள்."