உங்கள் பிள்ளை எந்தக் காலத்துச் சண்டை விளையாடுகிறான்?

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறேன். பெற்றோர் வந்தால் படிப்பைப் பற்றி விசாரித்த கையோடு கேம் பற்றித்தான் கேட்பார்கள். "எந்நேரமும் சண்டைக் கேம், சேர். நாங்கள் பட்டது காணாதே?" இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: எந்தக் காலத்துச் சண்டை? பெரும்பாலும் பதில் வராது. திரையைப் பார்த்திருக்க மாட்டார்கள், சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிச் சுடுவது ஒரு வகை. மேலே நின்று வரைபடத்தைப் பார்த்துப் படையை நகர்த்துவது இன்னொரு வகை. நான் பேசுவது இரண்டாவதை. இதன் வேரைத் தேடிப் போனால் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் நிற்போம். ரைஸ்விட்ஸ் என்ற தகப்பனும் மகனும் உருவாக்கிய ஆட்டத்தின் விதிகளை மகன் 1824இல் அச்சிட்டார். அந்நாட்டு இராணுவ அதிகாரிகள் வரைபடத்தையும் தாயக்கட்டையையும் வைத்து அதில்தான் பயிற்சி எடுத்தார்கள்.

எல்லாக் காலமும் இதற்குப் பொருந்தாது. தளபதி ஒரு மேட்டில் நின்று களம் முழுவதையும் பார்க்க முடிந்த காலமா என்பதுதான் என் அளவுகோல். கி.மு. 216இல் இத்தாலியில் கன்னே என்ற இடத்தில், ரோமரோடு மோதிய கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹனிபல் தன் நடுப்படையை மெல்லப் பின்வாங்க விட்டான். ரோமர் உள்ளே வர வர இரு பக்கமும் வளைத்து, பின்பக்கத்தைக் குதிரைப்படையால் அடைத்தான். ஒரு வெளி, ஒரு பகல். ஈட்டியும் அம்பும் போகும் தூரம் திரைக்குள் அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் நெப்போலியன் காலம்தான் எல்லாவற்றிலும் திறம். குதிரைப்படை வந்தால் காலாட்படை சதுரமாக நின்று, நாலு பக்கமும் துவக்குமுனைக் கத்தியை நீட்ட வேண்டும். சதுரமாக நெருங்கி நின்றால் பீரங்கிக்குக் கொண்டாட்டம். பீரங்கிக்குப் பயந்து பரவினால் மறுபடி குதிரை வந்துவிடும். 1815 ஜூன் 18, வாட்டர்லூவில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேய் போதிய துணைப்படை இல்லாமல் குதிரைகளைத் திரும்பத் திரும்ப ஏவினார். ஆங்கிலேயச் சதுரங்கள் உடையவில்லை. ஏ.எல். படிக்கும் ஒருவன் 'நெப்போலியன்: டோட்டல் வோர்' கேமில் அதையே செய்துவிட்டு, "குதிரை கிட்டப் போகுது, உள்ளுக்குப் போகுதில்லை, சேர்" என்று மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தான். கத்திமுனையைப் பார் என்றேன், அவ்வளவுதான். அடுத்த தரம் பீரங்கிகளையும் குதிரைகளோடு சேர்த்து இழுத்து வந்தான். நேயைவிடக் கெட்டிக்காரன்!

முதலாம் உலகப் போர் இதற்கு நேர்மாறு. 1916 ஜூலை 1, பிரான்சின் சோம் களத்தில் ஒரே நாளில் பிரித்தானியத் தரப்பில் மட்டும் இறந்தோரும் காயப்பட்டோருமாக ஏறத்தாழ 57,000 பேர். பிடித்த நிலமோ சொற்பம். அதில் விளையாடுகிறவன் எடுக்க என்ன முடிவு மிச்சம் இருக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் முடிவுகளுக்குப் பஞ்சமில்லை. ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் நகரில் 1942 நவம்பரில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் ஆறாம் படைக்கு விமானத்தில் சாமான் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. எரிபொருள் இல்லாமல் தன் தாங்கி நடுவழியில் நிற்கும்போது ஒரு பெடியனுக்கு அது புத்தகத்தைவிட நன்றாக விளங்கும்.

சரி, அப்போ அதை விளையாட விடலாமா? இங்கேதான் வன்னி குறுக்கே வருகிறது. எங்கள் நிலையத்தில் ஒருவன் அப்படியொரு கேமை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். விமானம் பதிந்து வருகிற இரைச்சல். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் வாசலிலேயே நின்றுவிட்டார், கை சுவரைப் பிடித்தபடி. பெடியன் இங்கே போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவன். அவனுக்கு அது வெறும் சத்தம். அவருக்கு அது கிபிர், போர்க்காலத்தில் குண்டு போட்ட விமானம். அன்றிலிருந்து ஹெட்போன் இல்லாமல் எந்தக் கேமும் இல்லை. வீட்டிலும் அதைச் செய்யுங்கள். அம்மம்மா பக்கத்து அறையில் இருக்கிறார் என்று பிள்ளைக்குச் சொன்னால் போதும், விளங்கிக்கொள்வான்.

அண்மைக்காலப் போர்கள் இந்த வகைக்குச் சரிவராது. ஏவுகணை திரைக்கு வெளியே இருந்து வரும், எதிரி யாரென்று தெரியாது. அதைவிடப் பெரிய குறை, அந்த வரைபடங்களில் பெரும்பாலும் சனம் இருக்காது. ஊர் இருக்கும், வீதி இருக்கும், மூட்டை முடிச்சோடு போகிற ஆட்கள் மட்டும் இல்லை. 2014இல் போலந்திலிருந்து வந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்' விதிவிலக்கு. பொஸ்னியாவின் சரஜேவோ நகர முற்றுகையைப் பார்த்து உண்டான அதில் நீங்கள் படையை நடத்துவதில்லை. உணவும் மருந்தும் தேடும் பொதுசனமாக இருக்கிறீர்கள். நல்ல கேம், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு நம் கதையும் கிடைக்கிறது. 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2'க்கு 2022இல் வந்த சேர்க்கையில் ராஜேந்திர சோழன் வருகிறான், கப்பற்படையோடு. அதே கேமில் சொந்தமாகக் களம் அமைக்கும் வசதி உண்டு. என் மாணவர்கள் சிலர் 1803ஐ எடுத்தார்கள்: முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையை வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிடித்ததும், அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்றதும். காடு எங்கே, கடல் எங்கே, பீரங்கியை எந்தப் பாதையால் இழுப்பது என்று வரலாற்று ஆசிரியரைப் பிடித்துக் குடைந்தெடுத்தார்கள். அப்புறம் ஒருவன், அதே வரைபடத்தில் 2009ஐயும் செய்வோமா என்றான். வேண்டாம் என்றேன். அந்தக் களத்தை மேட்டில் நின்று பார்க்கிற இடத்தில் உன்னை வைக்க எனக்கு விருப்பமில்லை, உன் வீட்டு ஆட்கள் கீழே நின்றவர்கள் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டுக் கோட்டை மதிலுக்குத் திரும்பினான்.

ஆகவே பறிக்க முதல் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். கேமின் வயது மட்டம் பெட்டியிலோ தரவிறக்கும் பக்கத்திலோ போட்டிருக்கும். பிள்ளை நித்திரை குழம்பினாலோ, நீங்களே அந்தச் சத்தத்தில் நடுங்கினாலோ, மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.