டோஸ்: அளவா, தவணையா?

"மேனேஜர் செம டோஸ் விட்டார்" என்று சொல்லும் அதே வாய்தான் "ரெண்டு டோஸும் போட்டாச்சா?" என்றும் கேட்கிறது. முதல் டோஸுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை, 'திட்டு' இருக்கிறது. இரண்டாவதில்தான் சிக்கல்.

கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல், அவ்வளவுதான். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நம்மிடம் டோஸ் ஆனது. வடமொழித் 'தான'மும் இதே வேரில் கிளைத்தது என்பதால் அன்னதானமும் தடுப்பூசி டோஸும் தூரத்துச் சொந்தம்!

எவ்வளவு மருந்து என்பதற்கும் எத்தனையாவது முறை என்பதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். தமிழ் பிரித்து வைத்திருக்கிறது: 0.5 மில்லி என்றால் அளவு, மாத்திரைக்கு மூன்று வேளை, தடுப்பூசிக்கு முதல் தவணை, இரண்டாம் தவணை. எனக்குத் 'தவணை' பிடித்திருக்கிறது, ஆனால் கடன் கட்டவும் அதே சொல் என்பதால் மருந்தைப் பங்கு போட்டுப் பாதி இப்போது, பாதி அப்புறம் என்று கொடுப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கொரோனா தடுப்பூசி கோவிஷீல்டோ கோவாக்சினோ, இரண்டு முறையும் அதே மருந்து, அதே 0.5 மில்லி. மாறியிருப்பது உடம்புதான். முதல் ஊசியில் கிருமியின் அடையாளத்தைப் பார்த்து அதை மடக்கும் எதிர்பொருளையும் (ஆன்டிபாடி), அதை மறக்காமல் வைத்திருக்கும் நினைவு செல்களையும் உருவாக்கிக்கொள்கிறது, அந்தச் செல்கள் பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும், அதற்குத்தான் இடைவெளி. இரண்டாவது ஊசி போகும்போது அவை சட்டென்று கிளம்பி முன்னைவிட அதிகமாக, வேகமாக எதிர்பொருளைச் சுரக்கின்றன.

எல்லாத் தடுப்பூசியும் இப்படியா? இல்லை. ரஷ்யாவின் கொரோனா தடுப்பூசியான ஸ்புட்னிக் வி-யில் இரண்டு தவணைக்கும் மருந்தைச் சுமந்து போகும் அடினோவைரஸ் வேறு வேறு, முதலில் 26ஆம் வகை, பிறகு 5ஆம் வகை. ஒரே வண்டி மறுபடி வந்தால் உடம்பு வண்டியையே மறித்துவிடும் என்ற பயம். அதனால் அங்கே தவணையை மாற்றிப் போட முடியாது. 1885இல் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவனுக்குப் போட்ட 13 ஊசிகளோ போகப் போக வீரியம் கூடியவை. காயவைத்த முயல் தண்டுவடத்தில் நன்றாக உலர்ந்ததில் தொடங்கிப் புதியதில் முடித்தார். அதைத் 'தவணை' என்பதைவிடப் 'படி' என்றால் பொருந்தும்.

இரண்டு தவணையும் முடிந்த பிறகு போடும் கொரோனா பூஸ்டருக்கு 2021 டிசம்பரில் இந்திய அரசு வைத்த பெயர் 'முன்னெச்சரிக்கைத் தவணை'. வாய் வலிக்கிறது. 'ஊக்கத் தவணை' போதும்.