‘ஃபீக்கா’வுக்குத் தமிழில் என்ன?

“ஆன்ட்டி, உங்க அக்கவுண்ட் இன்னும் ஃபீக்கா ஆகலையே.” தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வங்கிக் கவுண்டரில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியது. ‘ஃபீக்கா பண்ணிட்டீங்களா?’ என்று வினைச்சொல்லாகவே அது புழங்குகிறது.

பிறப்பு ஒரு சட்டத்தின் தலைப்பில். ஃபைனான்ஷியல் இன்டெலிஜென்ஸ் சென்டர் ஆக்ட், 2001ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம். அதன் முதலெழுத்துகள்தாம் ஃபீக்கா. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் பயங்கரவாதத்துக்குப் பணம் போவதையும் தடுப்பது நோக்கம். இங்கே ‘இன்டெலிஜென்ஸ்’ என்பதை ‘நுண்ணறிவு’ என்று பெயர்ப்பது பிழை. ‘புலனாய்வு’ம் ஒட்டாது, அந்த மையம் வழக்குகளைப் புலனாய்வதில்லை. வங்கிகள் அனுப்பும் தகவலை ஆராய்ந்து காவல்துறை போன்ற அமைப்புகளிடம் தருகிறது. ‘நிதித் தகவலாய்வு மையம்’ என்றால் வேலை விளங்கும்.

கவுண்டரில் சொல்லும் ஃபீக்காவோ வேறு: வந்திருப்பவர் யார் என்று வங்கி உறுதிசெய்துகொள்வது. ‘உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்’ என்று இந்தியாவில் எழுதுவது கட்டளை வாக்கியம், பெயராகாது. ‘ஆளறிதல்’ என்பதே என் தேர்வு. ‘ஆளறிதல் முடியலையே’ என்று வாயில் எளிதாக வரும்.

இந்த ஆளறிதலில் மக்களை அலையவைத்தது முகவரிச் சான்று. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கூட்டுக்குடும்ப வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மின்சார பில் மாமனார் பெயரில் வரும், சில வீடுகளில் அவர் காலமான பிறகும். மருமகளிடம் அடையாள அட்டை இருக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட, தன் பெயர் போட்ட பில்லுக்கு எங்கே போவாள்? காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். தகரக் கொட்டகைக் குடியிருப்புகளில் தெருப்பெயரே கிடையாது.

இதைத்தான் ‘ரெகுலேட்டரி பர்டன்’ என்கிறார்கள். ‘ஒழுங்குமுறைச் சுமை’ என்பது வழக்கிலுள்ள பெயர்ப்பு, ‘விதிச்சுமை’ போதும். சுமையைக் குறைப்பது ‘விதிச்சுமைக் குறைப்பு’. அதை ‘விதித்தளர்வு’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். தளர்வு என்றால் கண்காணிப்பே குறைகிறது. சுமைக் குறைப்பில் கண்காணிப்பு நிற்கும், வீண் அலைச்சல் போகும்.

தென்னாப்பிரிக்காவே சான்று. 2004 அக்டோபரில் பெரிய வங்கிகள், கணக்கே இல்லாத ஏழைகளுக்காக ம்ஸான்சி என்ற எளிய கணக்கைத் தொடங்கின. அதற்கு முகவரிச் சான்று தேவைப்படவில்லை, ஆனால் எடுக்கும் தொகைக்கு வரம்பு இருந்தது. ஆபத்து சிறிது, கேள்வியும் சிறிது. ஃபீக்கா சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் இதையே பொதுநெறியாக்கியது. ‘ரிஸ்க் பேஸ்ட் அப்ரோச்’ என்ற அதன் பெயருக்கு ‘இடருக்கேற்ற சோதனை’ என்பேன். இன்ன காகிதம்தான் வேண்டும் என்று சட்டம் பட்டியலிடுவது நின்றது; யாரிடம் எதைக் கேட்பது என்பதை வங்கி தானே வகுத்து எழுதிவைக்க வேண்டும்.

ஆனாலும் பழைய பில்லையே கேட்கும் கவுண்டர்கள் உண்டு. அபராத அச்சம் வங்கிகளுக்கு. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பதில் குறை கண்டு, உலகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2023 பிப்ரவரியில் நாட்டைச் ‘சாம்பல் பட்டியலில்’, அதாவது கூடுதலாகக் கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியலில், சேர்த்தது. வெளியே வர 2025 அக்டோபர் ஆனது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. அதன் விலையை மாமனார் பெயரில் பில் வரும் மருமகள் கொடுப்பது நியாயமில்லை. பில் இல்லையென்று திருப்பி அனுப்பினால், “வேறு எந்தச் சான்றை உங்கள் வங்கி ஏற்கும்?” என்று தயங்காமல் கேளுங்கள்.