கப்ளிங்: தமிழில் பிணைப்பு

சீனன்குடா எண்ணெய்க் குதங்களின் பக்கமோ திருகோணமலை இறங்குதுறையிலோ ‘கப்ளிங்’ என்றால் கையில் தூக்கக்கூடிய இரும்புத் துண்டு. மோட்டரின் தண்டைப் பம்பியின் தண்டோடு சேர்க்கும், இல்லையென்றால் இரண்டு ஹோஸ் முனைகளைப் பூட்டும். பாய்மத்தின் ஓட்டம், பொருளின் வளைவு போன்ற பல பௌதிகங்களைச் சேர்த்துக் கணிக்கும் பல்பௌதிகக் கணிப்பு மென்பொருளிலும் இதே சொல்தான். அங்கே பூட்டப்படுபவை கணக்குகள்: எண்ணெயின் அழுத்தம் ஹோஸை வளைக்கிறது, வளைந்த ஹோஸ் எண்ணெயின் ஓட்டத்தை மாற்றுகிறது.

சொல்லின் வேர் லத்தீனின் ‘கோப்புலா’. கட்டு, தளை என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் ‘இணைப்பு’ என்பது எளிதாக வாயில் வரும். ஆனால் மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயும் இணைப்பு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ‘பிணைப்பு’ அதைச் சொல்கிறது. இரசாயனப் பாடத்தில் படித்த சொல்தானே. இப்படிக் கணினியில் ஒன்றின் நடத்தையைப் போலச் செய்து பார்ப்பதுதான் சிமுலேஷன். அதற்குச் சிலர் எழுதும் ‘பாவனையாக்கம்’ இலங்கையில் சரிவராது. இங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். ‘ஒப்புருவாக்கம்’ குழப்பம் தராது.

ஹோஸின் கணக்கோடு பம்பியின் கணக்கையும் பிணைக்க, பம்பியின் கணினி மாதிரி வேண்டும். பம்பி செய்தவர் அந்த மாதிரியை உள்ளே திறந்து காட்டமாட்டார். எஃப்எம்யூ (ஃபங்ஷனல் மொக்-அப் யூனிட்) என்ற பொதிந்த கோப்பாகத் தருவார். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாதிரிகளைப் பரிமாறுவதற்கான எஃப்எம்ஐ (ஃபங்ஷனல் மொக்-அப் இன்டர்ஃபேஸ்) என்ற பொது நியமத்தின்படி அமைந்தது அது. முதற் பதிப்பு 2010, இரண்டாவது 2014, மூன்றாவது 2022. கோப்பின் பெயரின் கடைசிப் பகுதியை ‘சிப்’ என்று மாற்றித் திறந்தால், மாறிகளின் பட்டியல் உள்ள ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும் இயங்குதளத்துக்கு ஒன்றாக நூலகக் கோப்புகளும் இருக்கும். விண்டோஸுக்கு மட்டும் தந்ததை லினக்ஸ் சேர்வரில் ஏற்றினால் முதல் அடியிலேயே நின்றுவிடும். அடுத்து அலகுகளைப் பாருங்கள். ஒரு பார் என்பது 100000 பாஸ்கல். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் அந்தப் பிழை உடனே கண்ணில் படும். மானி அழுத்தத்தையும் (வளியழுத்தத்துக்கு மேலே உள்ளது) தனி அழுத்தத்தையும் (வெற்றிடத்திலிருந்து அளப்பது) மாற்றிக் கொடுத்தால் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல்தான் பிசகும், விடையும் நம்பக்கூடியதாகவே தெரியும். இதுதான் கூடுதல் ஆபத்து.

பிணைப்பு இருவகை. கணக்கு சிறு சிறு நேரத் துண்டுகளாக முன்னேறும்; ஒரு துண்டுதான் நேரப்படி. நேரப்படி ஒன்றுக்கு ஒரு தடவை மட்டும் இரு பக்கமும் தரவைப் பரிமாறினால் தளர்பிணைப்பு. இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை அதே படியைத் திரும்பத் திரும்பக் கணித்தால் இறுக்கப்பிணைப்பு. கடலில் கிடக்கும் றப்பர் ஹோஸுக்குத் தளர்பிணைப்புப் பெரும்பாலும் உதவாது. கடல்நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 1025 கிலோகிராம்; றப்பர் அதிலிருந்து பெரிதாக விலகுவதில்லை. ஹோஸ் அசையும்போது கூடவே தள்ளவேண்டிய நீரும் ஹோஸ் அளவுக்குக் கனக்கும். ஒரு படி பிந்திய விசையைக் கொடுத்தால் அசைவு ஒவ்வொரு படியிலும் மிகைத்து, கணக்கு வெடிக்கும். நேரப்படியைச் சிறிதாக்கிப் பார்ப்போம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அமுங்காப் பாய்மத்தில் அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இறுக்கப்பிணைப்புக்குப் போய், புதிதாக வந்த இடப்பெயர்ச்சியில் ஒரு பங்கை, 0.3 போல, மட்டும் ஏற்று மீளக் கணிக்கவேண்டும். ஐற்கன் முறை அந்தப் பங்கைத் தானே திருத்திக்கொள்ளும்.

பம்பியையும் இப்படி மீள மீளக் கணிக்கும் சுற்றுக்குள் சேர்ப்பதென்றால் எஃப்எம்யூ பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருக்கவேண்டும். எக்ஸ்எம்எல் கோப்பில் ‘கேன் கெட் அண்ட் செட் எஃப்எம்யூ ஸ்டேட்’ என்ற பண்பு ‘ட்ரூ’ என்று இருக்கிறதா பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் இல்லை என்றே பொருள். அப்போது மாதிரி முன்னே மட்டும்தான் போகும். கையால் ‘ட்ரூ’ என்று திருத்துவதில் பயனில்லை. அந்த வசதியோடு மீள ஏற்றுமதி செய்து தரும்படி மாதிரி தந்தவரிடம்தான் கேட்கவேண்டும்.

கணிப்பதற்காகப் பாய்மத்தையும் ஹோஸையும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் இரு பக்க வலைகளும் வெவ்வேறு அளவில் இருந்தால் ஒரே விதியால் எல்லாவற்றையும் கடத்தக்கூடாது. விசையைக் கடத்தும்போது மொத்த நியூட்டன் மாறாமல் இருக்கவேண்டும். இடப்பெயர்ச்சிக்கு அப்படியல்ல: ஒரு பக்கம் முழுவதும் 2 மில்லிமீற்றர் நகர்ந்தால் மறுபக்கத்தில் எல்லாப் புள்ளியிலும் அதே 2 மில்லிமீற்றர் வரவேண்டும். பம்பியைச் சேர்க்குமுன் இந்த இரண்டையும் வெறும் ஹோஸில் ஓட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.