பாடம் மட்டுமல்ல, அறையும் தயாராக இருக்க வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் கௌரவ விரிவுரையாளர்கள் பலரும் நெட், செட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளுக்குப் படித்த தெம்போடு வருகிறார்கள். பாடத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வகுப்பிலேயே கால்மணி நேரம் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டி, வியர்த்து, குரல் தளர்ந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை உழைப்பும் ஒரு கேபிளால் வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

முந்தின நாளே அறையைப் போய்ப் பாருங்கள். அதுவும் உங்கள் வகுப்பு நடக்கும் அதே நேரத்தில். காலையில் பளிச்சென்று தெரியும் திரை, மேற்கே ஜன்னல் உள்ள அறையில் மூன்று மணிக்கு வெளுத்துப் போகும். நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தவும் முடியாது, புழுங்கிவிடும். அப்படிப்பட்ட அறையில் கறுப்புப் பின்னணியும் வண்ண எழுத்தும் எடுபடாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீங்களே வாசித்துப் பாருங்கள். ஆறேழு வரிக்கு மேல் இருந்தால் அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள்.

அறையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் துறையின் ஆய்வக உதவியாளர்தான். "அண்ணே, இந்த ரூம் புரொஜெக்டர் எப்படி?" என்று கேளுங்கள். "படம் வரும் சார், சவுண்டு வராது. விஜிஏ வயர்தான் இருக்கு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். விஜிஏ கேபிள் படத்தை மட்டுமே கடத்தும். ஒலி வேண்டுமென்றால் தனி வயர் வேண்டும். எச்டிஎம்ஐ என்றால் இரண்டும் ஒன்றாக வரும். புது லேப்டாப் சிலவற்றில் இரண்டு துளையுமே இல்லை, அதற்கு அடாப்டரை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். செருகியும் படம் வரவில்லையா? விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி, 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளை முன்பே அணைத்துவிடுங்கள். வீட்டுச் செய்தி அறுபது பேர் முன்னால் திரையில் வர வேண்டியதில்லை.

தமிழில் பாடம் நடத்துபவர்கள் எழுத்துருவில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திரை முழுக்கப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பெரும்பாலான கணினிகளில் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பழைய குறிப்புகளை அப்படியே கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும். கல்லூரிக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தால், முடிந்ததும் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

அப்புறம் மைக். கருத்தரங்கக் கூடத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் மைக்கோடு போய் நின்றால் கீச்சென்று அலறும். ஒலிபெருக்கிக்குப் பின்பக்கமாகத் தள்ளி நின்றால் போதும். மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கத்தி, ஒரே மாதத்தில் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்ட இளம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மைக் இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

மின்சாரம் போகும். அதனால் பாடத்தின் முக்கியமான படத்தையாவது கரும்பலகையில் வரையப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கப் பிள்ளைகளில் பலர் கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள். பலகையில் நீங்கள் வரைய வரைய, அவர்களும் கூடவே வரைகிறார்கள். அடுத்தடுத்து ஓடும் ஸ்லைடில் அந்த அவகாசம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. வெள்ளைப் பலகையாக இருந்தால் அதற்குரிய மார்க்கர்தானா என்று பார்த்து எழுதுங்கள். பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேலேயே சரியான மார்க்கரால் கிறுக்கி உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

வகுப்பு முடிந்ததும் அவசரத்தில் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். விளக்கு வைத்த புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து, உள்ளே விசிறி ஓடி அடங்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். சூடு தணியாமல் மின்சாரத்தை நிறுத்தினால் விளக்கின் ஆயுள் குறையும். மாற்று விளக்கு வாங்கத் துறை கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, பொருள் வந்து சேர மாதக்கணக்காகும். கேபிள் தளர்ந்திருந்தாலோ, பிளக்கில் கருகல் வாசம் வந்தாலோ, அன்றைக்கே துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த மணியில் அதே பிளக்கைத் தொடப்போவது உங்கள் சக ஆசிரியர்.