மாரி மழையில் ஏன் தார் ஊற்றுகிறார்கள்?

"மார்கழி மழைக்குள்ளேயே எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு பாதீடு என்று வைத்தால் இது நிற்குமா?" என்று திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எங்கள் ஒழுங்கையிலும் இதே கதைதான். ஈரக் கிறவலின் மேல் ஊற்றிய தார், பொங்கலுக்கு முன்பே அப்பளம் மாதிரிப் பெயர்ந்து கையோடு வந்தது.

இலங்கையின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதி. திருகோணமலைக்கு மாரியும் அப்போதுதான். இதற்குக் கொள்ளை என்பவர்களும் உண்டு, கிரக பலன் என்பவர்களும் உண்டு. கிரகத்தை விடுங்கள். துளியும் திருடாத ஓர் அதிகாரியை அந்தக் கதிரையில் இருத்தினாலும் டிசம்பரில் காசு கொட்டத்தான் செய்யும்.

எப்படி? ஜனவரியில் அவருக்கு எந்த மாதம் மதகு உடையும், எந்த மாதம் லொறி பழுதாகும் என்று தெரியாது. கையிருப்பு வைக்கிறார். ஒரு மாதத்தின் எதிர்பாராத செலவுக்கு 1 இலட்சம் என்று வையுங்கள். 12 மாதத்துக்கு 12 இலட்சம் வேண்டாம். ஒரு மாதம் கூடினால் இன்னொரு மாதம் குறையும், ஒன்றையொன்று ஈடுசெய்யும். அதனால் 12இன் வர்க்கமூலம், சுமார் 3.46 இலட்சம் போதும். ஜனவரி கழிந்தால் 11 மாதத்துக்கு 3.32. விடுபடுவது 15 ஆயிரம்கூட இல்லை. பெப்ரவரியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் பிறக்கும்போதும் 1 இலட்சம் முழுதாகக் கையில் இருக்கும், அந்த ஒரே மாதத்தில் அது சுழியாக வேண்டும். ஜனவரியைப் போல ஏழு மடங்கு! வர்க்கமூலத்தின் வளைவு கடைசியில்தான் செங்குத்தாக விழுகிறது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி என்ற பொருளியலாளர்கள் அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல்களை ஆராய்ந்தார்கள். நிதியாண்டின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல சுமார் ஐந்து மடங்கு. அந்த வாரத்துத் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் மட்டம்.

சரி, இரண்டு வருடமாக்கினால்? 24இன் வர்க்கமூலம் 4.9. தனித்தனியே இரண்டு வருடத்துக்கு வைப்பது 6.9. ஆக, வைக்க வேண்டிய கையிருப்பு சுமார் 29 சதவீதம் குறையும். கடைசி மாதத்தில் கொட்டும் 1 இலட்சமும் இரண்டு தடவைக்குப் பதில் ஒரு தடவைதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இன்றும் இப்படித்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு பாதீடு போடுகிறது.

ஆனால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தால்தான் இந்தக் கணக்கு ஓடும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது, செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. எல்லாப் பிழையும் ஒரே பக்கம். 2021 நவம்பரில் 2023க்கும் சேர்த்துப் போட்டிருந்தால், அந்தத் தாளில் கச்சான் சுற்றியிருக்கலாம்.

என்னைக் கேட்டால், வருடத்துக்கு ஒரு பாதீடே இருக்கட்டும். மிஞ்சியதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடுங்கள். அமெரிக்க நீதித் திணைக்களத்துக்கு அந்த அனுமதி உண்டு. அங்கே ஆண்டு இறுதித் திட்டங்களின் தரம் அப்படி விழவில்லை என்பதையும் அதே இருவர்தான் கண்டார்கள். எங்கள் ஒழுங்கைக்காரரும் வைகாசி வெயில்வரை தார்ப் பீப்பாயைத் திறக்காமல் வைத்திருக்கலாம்.