சின்ன நிலத்துக்குப் பழைய உழவுக் கருவி: எங்கே கை வைத்துப் பார்த்து வாங்குவது?

செப்டம்பர் மழை நெருங்கும்போது, இங்கே தென்னாப்பிரிக்காவில் டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, கலப்பை ஒண்ணு வாங்கிட்டேன். டிராக்டர்ல மாட்டவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" வாங்கலாமா என்று கேட்டு வரும் அழைப்புகள் குறைவு. வாங்கிக் கொண்டுவந்து இறக்கிய பிறகு வருபவைதான் அதிகம். பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பணம் கைமாறிய பிறகு என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்க்கும் குடும்பங்கள் இரண்டு, மூன்று, மிஞ்சிப்போனால் ஐந்து ஹெக்டேர் வைத்திருப்பவர்கள். கத்தரி, பச்சை மிளகாய், பீன்ஸ், கொத்தமல்லி, மதும்பே என்னும் சேப்பங்கிழங்கு, மீதி இடத்தில் கரும்பு. 1860இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் வந்தது முதல், ஒப்பந்தக் கூலிக் காலம் முடித்துக் கிடைத்த துண்டு நிலத்தில் காய்கறி போட்டு டர்பன் சந்தைக்குக் கூடையில் சுமந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்களில் பலர். புது டிராக்டரும் புதுக் கருவியும் இந்த நிலத்து வருமானத்துக்குக் கட்டுபடியாகாது. பழையதுதான் வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் விற்பனைக்கு வரும் பழைய கருவிகளில் நிறைய, பெரிய கரும்புப் பண்ணையிலும் மக்காச்சோளப் பண்ணையிலும் உழைத்தவை. 80, 100 குதிரைத்திறன் டிராக்டர் இழுப்பதற்காகச் செய்தவை. பண்ணைக்காரர் அதைவிடப் பெரியதுக்கு மாறியதும் இதைத் தள்ளிவிடுகிறார். அவருக்குச் சின்னதாகிப்போனது நமக்கு இன்னும் பெரிது. இரும்பின் எடைக்கு விற்கும் விலையில் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, அதை இழுக்க டிராக்டர் இல்லாமல் வேலியோரம் புல் மூடக் கிடக்கும் கருவிகள் ஊருக்கு ஊர் உண்டு.

அதனால் விலை கேட்கும் முன் உங்கள் டிராக்டரின் பலம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் மாஸி பெர்குசன் 135 சுமார் 45 குதிரைத்திறன். மண்ணைப் புரட்டிப்போடும் இறக்கைக் கலப்பையில் இரண்டு கொழுவுள்ளது அதற்கு அளவான சுமை. மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் என்றால் அடி அகலத்துக்கு எட்டுக் குதிரைத்திறன் என்று நான் கணக்குப் போடுவேன். அப்படிப் பார்த்தால் 1.2 மீட்டர் வசதியாக ஓடும், 1.5 மீட்டர் களிமண்ணில் திணறும். இழுப்பதோடு விஷயம் முடியாது, தூக்கவும் வேண்டும். நம் நிலம் சமவெளி அல்ல. மேட்டில் ஏறும்போது பின்னால் தொங்கும் கருவி கனமாக இருந்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பினால் ஸ்டீயரிங்குக்குப் பிடி இல்லை. உருளாமல் காக்கும் இரும்புச் சட்டம் அந்தக் காலத்து டிராக்டர்கள் பலவற்றில் கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, நல்ல நிலையில் இருந்த மூன்று வட்டுச் சட்டிக் கலப்பையை வேண்டாம் என்று ஒரு தம்பியிடம் பிடிவாதமாகச் சொன்னேன். அவருக்கு என் மேல் வருத்தம்தான்.

அடுத்தது மாட்டும் பின். டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கை, மேலே ஒன்று என்று கருவியை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் சிறிய டிராக்டருக்கு முதல் வகை, நடுத்தரத்துக்கு இரண்டாம் வகை. முதல் வகையில் கீழ்க் கைகளின் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. இரண்டாம் வகையில் கீழே 28, மேலே 25. கீழ்ப் பின்கள் இரண்டுக்கும் இடைவெளி முதல் வகையில் சுமார் 68 சென்டிமீட்டர், இரண்டாம் வகையில் சுமார் 82. ஒரு டேப்பும் வெர்னியரும் கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. கருவியின் பின் சிறியதாகவும் டிராக்டர் கையின் துளை பெரியதாகவும் இருந்தால் நடுவில் ஒரு புஷ் போட்டுச் சமாளிக்கலாம். நேர்மாறாக, கருவியின் பின் உங்கள் டிராக்டருக்குள் நுழையவில்லை என்றால், பின்னை மாற்றுவதைப் பற்றி யோசிக்காதீர்கள். அந்தக் கருவியின் எடையைப் பற்றி யோசியுங்கள். அது உங்களுடையதைவிடப் பெரிய டிராக்டருக்காகச் செய்யப்பட்டது.

இனி கருவியைப் பார்ப்போம். மண்ணில் உரசித் தேய்வதற்கென்றே சில பாகங்கள் இருக்கின்றன. கொழு, கொத்து, வட்டு, புல் வெட்டும் ஸ்லாஷரின் கத்தி எல்லாம் தேயும், மாற்றலாம். கடையில் கிடைக்கும். அவை தேய்ந்திருப்பதைக் காட்டி விலையைக் குறையுங்கள், அதற்காகக் கருவியையே ஒதுக்க வேண்டாம். துருவும் அப்படித்தான். மேல்துரு ஒரு பருவ உழவில் பளபளவென்று போய்விடும். நான் பயப்படுவது வேறு இடங்களைப் பார்த்து: வார்ப்பிரும்பில் வெடிப்பு, வளைந்த சட்டம், கியர் பாக்ஸ்.

வரிசையாக வட்டுகள் கோத்து மண் கட்டியை உடைக்கும் டிஸ்க் ஹாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க வருகிறவர்கள் வட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். அங்கே அல்ல, நடுவில் பாருங்கள். வட்டுகளை எல்லாம் ஒரே சதுர அச்சில் கோத்து, ஓரத்தில் ஒரு பெரிய நட்டால் இறுக்கியிருப்பார்கள். அந்த நட்டு தளர்ந்திருந்தும் கவனிக்காமல் ஓட்டினால், அச்சும் வட்டும் ஒன்றாகச் சுற்றாமல் ஒன்றையொன்று அரைக்கும். வட்டின் சதுர ஓட்டை மெல்ல மெல்ல வட்டமாகும், அச்சின் முனைகள் மழுங்கும். ஒரு வட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பக்கத்து வட்டு அசையாமல் இது மட்டும் அசைந்தால் உள்ளே தின்றுவிட்டது என்று அர்த்தம். ஓட்டையைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தாலும் அதே கதைதான். வட்டு மாற்றுவது எளிது, அச்சையும் சேர்த்து மாற்றினால் செலவு இழுத்துக்கொண்டே போகும். பிறகு முழு அச்சையும் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங்கில் கரகரப்பு கேட்டாலும், மேலும் கீழும் ஆடினாலும், பேரிங் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

இறக்கைக் கலப்பையில், கொழுவையும் இறக்கையையும் தாங்கும் முதுகுத் துண்டு வார்ப்பிரும்பாக இருந்தால், மண்ணைச் சுரண்டிவிட்டு, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா என்று தேடுங்கள். அங்கே வெல்டிங் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன். ஸ்லாஷரில் கியர் பாக்ஸின் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெயே இல்லை என்றால் கீழ் சீல் போயிருக்கிறது, பல் சக்கரங்கள் காய்ந்து ஓடியிருக்கின்றன. கத்தியை அசைத்துக் கியரில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று கவனியுங்கள். ரோட்டவேட்டரில் சுழல்தண்டின் இரண்டு முனைப் பேரிங்குகளும் பக்கவாட்டுச் சங்கிலிப் பெட்டியும் முக்கியம்.

புதுப் பெயிண்ட் அடித்த கருவி என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். வெல்டிங் இருக்கும் இடங்களில் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார்.

கருவியோடு டிராக்டரும் தேடுகிறவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 1980களில், வெளிநாட்டுத் தடைக்குப் பயந்த அன்றைய அரசு, கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸில் ஒரு டீசல் எஞ்சின் தொழிற்சாலை தொடங்கி, இங்கே விற்கும் டிராக்டர்களில் அந்த எஞ்சினையே போட வைத்தது. அங்கே செய்தவற்றில் பல, பிரிட்டனின் பெர்கின்ஸ் கம்பெனி உரிமத்தில் செய்தவை. அதனால் அந்தக் காலத்து டிராக்டரின் மேல் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும், உள்ளே ஏ.டி.இ. (அட்லாண்டிஸ் டீசல் எஞ்சின்ஸ்) எஞ்சின் இருக்கலாம். ஏ.டி.இ. 236 என்றால் அது பெர்கின்ஸ் 4.236தான். உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. எஞ்சின் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். அப்புறம், நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது விடும் நீலப் புகையும் வெள்ளைப் புகையும் உங்களுக்குத் தெரியாமல் போகும். ஹைட்ராலிக்கில் ஒரு சுமையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள்.

பழையது வாங்கவே கூடாது என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மருந்து தெளிப்பான். கரும்பில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி போன்ற ஹார்மோன் களைக்கொல்லி அடிப்பார்கள். கரும்பு புல் இனம், தாங்கிக்கொள்ளும். தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ் தாங்காது. தொட்டியில், குழாயின் உள்சுவரில், வடிகட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்ப அளவே போதும், இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, காய் பிடிக்காமல் போகும். 1980களில் இதே மாகாணத்தில், தலா பள்ளத்தாக்கின் காய்கறி விவசாயிகள் ஹார்மோன் களைக்கொல்லியால் பயிர் பாழாகிறது என்று போராடியதும், விஷயம் நீதிமன்றம் வரை போனதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது காற்றில் வந்ததாகச் சொன்ன நஞ்சு. பழைய தெளிப்பானில் அதை நாமே காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். சட்டமும் பம்பும் நன்றாக இருந்து கட்டாயம் வாங்குவதாக இருந்தால், தொட்டி, குழாய்கள், வடிகட்டி, நாசில் அத்தனையும் புதிதாகப் போடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்தால் முதுகில் மாட்டும் புதுத் தெளிப்பான் இரண்டு வாங்குவது லாபமா என்று பாருங்கள். இரண்டு ஹெக்டேர் காய்கறிக்கு அது போதும்.

எங்கே தேடுவது? ஃபார்மர்ஸ் வீக்லி பத்திரிகையின் விளம்பரப் பக்கங்கள், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பண்ணை ஏலங்கள், டிராக்டர் கடைகளின் பின்முற்றம். குளிர்காலத்திலேயே தேடுங்கள், மழை தொடங்கினால் எல்லோருக்கும் கலப்பை வேண்டும். இணையத்தில் பார்த்த கருவிக்கு, நேரில் போகும்முன் முன்பணம் கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள். பகலில் போங்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள், ரொக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏலத்தில் கூவிய விலையோடு கணக்கு முடிந்துவிடாது. வாங்குபவர் கமிஷன் உண்டா, 15 சதவீத வாட் வரி சேருமா என்று விதிமுறைத் தாளைப் படித்துத் தெரிந்துகொண்டு உங்கள் உச்ச விலையை முன்பே எழுதி வையுங்கள். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். தொழிலாகவே விற்கும் கடைக்காரர் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று ரசீதில் எழுதி, "இருக்கிறபடி எடுத்துக்கோ" என்று சும்மா கைகழுவிவிட முடியாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுதைக் காட்டித் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று அவர் தெளிவாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் குறைக்கு அது பொருந்தாது. ஏலத்தில் எடுத்ததற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எப்போதோ ஒருமுறை தன் பொருளை விற்கும் தனியாளிடம் வாங்கினால் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' செல்லும், தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் தவிர. பண்ணைத் திருட்டு மலிந்த ஊர் இது. விற்பவரின் அடையாள அட்டை நகல், வரிசை எண்ணோடு எழுதிய ரசீது, டிராக்டர் என்றால் பதிவுப் பத்திரம், இவை இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். வரிசை எண்ணைக் கிரைண்டரால் அரைத்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆழ உழ ஆள் வைத்துக் கூலிக்கு உழுதுகொள்ளலாம். வாரந்தோறும் கை வைக்கும் பார் போடும் கலப்பை, ஐந்து கொத்துக் கலப்பை, சின்ன டிரெய்லர், இவை சொந்தமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் சரியாக இருக்கும் அந்த இரண்டு நாளில் இன்னொருவர் வரும்வரை காத்திருக்க முடியாது. இனாண்டா பக்கம் ஒரு அக்காவும் பக்கத்து நிலத்தார் இருவரும் சேர்ந்து ஒரு ஸ்லாஷர் வாங்கினார்கள். யார் வீட்டில் நிற்பது, கத்தி உடைந்தால் யார் செலவு, யார் கிரீஸ் அடிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தாள் இருப்பதால்தான் அது இன்னும் சண்டையில்லாமல் ஓடுகிறது.

கருவி வீடு வந்து சேர்ந்ததும் கியர் எண்ணெயை மாற்றி, எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்து, நட்டுகளை இறுக்குங்கள். அடுத்து, டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு. முந்தைய டிராக்டருக்கு வெட்டிய நீளம் உங்களுடையதுக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். எஞ்சினை அணைத்து வைத்துக் கருவியை மெல்ல ஏற்றி இறக்கி, தண்டு மிக நீளும் இடத்தில் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா, மிகக் குறுகும் இடத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டினால் டிராக்டரின் கியர் பாக்ஸ் பேரிங் போகும். தண்டின் பிளாஸ்டிக் உறை பழைய கருவிகளில் பெரும்பாலும் உடைந்தோ தொலைந்தோதான் இருக்கும். நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும் தண்டில் சட்டையின் நுனி மாட்டினால் கையை இழுக்க நேரம் இருக்காது. புது உறை வாங்கி மாட்டும்வரை அந்தக் கருவியை ஓட்டாதீர்கள்.